எழுதினவர் கதைக்கக்கூடாது

5.8.1980, செவ்வாய்

இன்றைக்கும் பஸ் பிந்தியது. கொக்குவில் சந்தியில் இறங்கிக் கந்தோருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனால் அங்கே மின்சாரம் இல்லை. கொம்பியூட்டர் மத்தியானம் வரை சும்மா கிடந்தது. யசிந்தா அதற்கு விசிறியால் வீசிக்கொண்டு, "பாவம், வேர்க்குது" என்றாள். பாசையூர்க்காரிக்கு எல்லாம் பகிடி.

முதலாளி தில்லைநாதன் அண்ணை எங்களைச் சும்மா இருக்க விடுவாரா? "பிள்ளை மகாதேவி, எங்கடை கொம்பனியின்ரை வரலாறு ஒரு பக்கம் எழுதித் தாரும். சமாசத்துக்குக் குடுக்கவேணும்" என்றார். விவசாயச் சங்கங்களின் சமாசம் ஒரு பெரிய வேலை தரப்போகிறதாம். அதற்கு முன்னம் நாங்கள் ஆர், எப்படித் தொடங்கினோம், எப்படி வேலை செய்கிறோம் என்று எழுத்தில் வேண்டுமாம்.

மூன்று வயது ஆகாத கொம்பனிக்கு வரலாறு. சரி, எழுதுவோம்.

7.8.1980, வியாழன்

எழுதிக் கொடுத்தேன். பாதியை வெட்டிவிட்டார். வெட்டினதை இங்கே எழுதி வைக்கிறேன். எனக்குப் பிடித்தது அதுதான்.

தில்லை அண்ணை லண்டனில் மற்றக் கொம்பனிகளுக்குக் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் ஒரு கொம்பனியில் இருந்தவர். 1977இல் ஊருக்குத் திரும்பினார். அடுத்த வருசம் மரப்பெட்டியில் ஒரு மெஷின் கப்பலில் வந்தது. மனைவியின் சீதன வீட்டு முன்னறையில் 'நிறைகோல் கணக்குச் சேவை' என்று பலகை ஏறியது. முதல் வேலை ஒரு நெசவு நிலையத்தின் கூலிக் கணக்கு. முதல் கிழமையே கணக்குப் பிழையாய் வந்தது. வேலைக்கு வந்தவர்களுக்கு லீவு, வராதவர்களுக்குக் கூலி. நெசவுப் பெண்கள் முன்னறையை நிரப்பிக்கொண்டு நின்றார்களாம்.

அப்போது யோசனை சொன்னவர் பஞ்சலிங்கம் அண்ணை. கந்தோரில் கணக்குச் சரிபார்க்கிறவர். கோயிலில் புராணம் படிக்கும் நாட்களில் பயன் சொல்லுகிறவர். அங்கே ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பொருளை விரித்துச் சொல்லுவார், சனம் கேட்டுக்கொண்டிருக்கும். "புரோகிராமையும் உப்பிடிப் படிப்பம். எழுதினவர் சும்மா இருக்கட்டும்" என்றாராம். அன்றைக்குத் தொடங்கியது எங்கள் வெள்ளிக்கிழமை வாசிப்பு. யசிந்தா வாசிப்பாள், மாதா கோயிலில் வாசகம் வாசித்துப் பழகின குரல். பஞ்சண்ணை பயன் சொல்லுவார். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். எழுதினவர் மட்டும் கடைசி வரி முடியும் வரை கதைக்கக்கூடாது. கதைத்தால் வாசிப்பு செல்லாது. திரும்ப முதல் வரியிலிருந்து.

மற்றச் சட்டங்கள்: ஒருத்தரையும் 'சேர்' என்று கூப்பிடக்கூடாது. செருப்பு வாசலில். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லவேண்டும்.

கடைசிச் சட்டத்தை இதுவரை ஒருத்தரும் பாவித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆர் அப்படிச் சொல்லுவது?

10.8.1980, ஞாயிறு

இரத்தினம்மா மாமி சண்டிலிப்பாய்ச் சந்தையால் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தா. "பிள்ளை இன்னும் உந்தப் பெட்டிக்கு முன்னாலைதானோ இருக்குது?" அம்மாவோடு இருந்த ஐயா தோட்டத்துக்கு எழும்பிப் போனார். வவுனியாவில் கிடைத்த வாத்தியார் வேலையை நான் வேண்டாம் என்று எழுதிப்போட்டது அவருக்கு இன்னும் ஆறவில்லை. அரசாங்க உத்தியோகம், பென்சன். இதுக்குமேலை என்ன வேணும் இவளுக்கு?

நான் ஏன் விட்டேன் என்று வீட்டில் விளங்கப்படுத்த முடியாது. வேலை கேட்டுப் போன நாள் ஒரு வெள்ளிக்கிழமை. என்னையும் வாசிப்புக்கு நீட்டுப் பலகை வாங்கில் இருத்தினார்கள். அன்றைக்கு தில்லை அண்ணை எழுதினதைப் படித்தார்கள். வாசித்துக்கொண்டு போன யசிந்தா நடுவில் நின்று, "உது பிழையெல்லே" என்றாள். அவர் வாய் திறக்கவில்லை. கடைசி வரி முடிந்தபிறகு, "ஓம், பிழைதான்" என்றார்.

பெரிய மனிசர், ஆம்பிளை, முதலாளி. தட்டச்சுக்கு வந்த ஒரு பெட்டைக்கு அப்படி 'ஓம்' சொன்னதை நான் அதற்கு முந்திக் கண்டதில்லை. அந்தச் சொல்லுக்காகத்தான் வந்தேன். இந்தக் கந்தோர் சரிவராமல் போனால் எனக்குத் திரும்பிப் போக இடமில்லை.

22.8.1980, வெள்ளி

சமாசத்து வேலை கிடைத்துவிட்டது. வலிகாமத் தோட்டக்காரருக்கு விதை உருளைக்கிழங்கு பங்கிடும் வேலை. கிழங்கு கப்பலில் வரும். சங்கங்கள் பேர்களைத் தரும். எங்கள் புரோகிராம் ஆளுக்கு இத்தனை பெட்டி என்று துண்டு அடிக்கும். துண்டு இல்லாதவருக்குக் கிழங்கு இல்லை. ஒரே ஆள் இரண்டு சங்கத்தில் பேர் கொடுத்து இரண்டு தரம் எடுக்கிற களவை நிற்பாட்டவேண்டும் என்பது சமாசத்து மனேச்சரின் பெரிய கவலை.

புரோகிராமை தில்லை அண்ணை தானே எழுதப்போகிறாராம். யசிந்தா கற்கண்டு பங்கிட்டாள். "ஆளுக்கு ஒண்டு. ரெண்டு சங்கத்திலை கை நீட்டாதேங்கோ."

19.9.1980, வெள்ளி

இந்த வெள்ளியும் வாசிப்பு இல்லை. நேரமில்லையாம்.

23.9.1980, செவ்வாய்

கொழும்பிலிருந்து இரண்டு பேர் எங்களுக்கு வேலை தரலாமோ என்று கந்தோரைப் பார்க்க வந்தார்கள். தில்லை அண்ணை சப்பாத்துக் காலோடு உள்ளே வந்தார். "இவைக்கு முன்னாலை என்னைச் சேர் எண்டு கூப்பிடுங்கோ, வெளி ஆக்கள் பிழையா நினைப்பினம்" என்று எங்களிடம் மெல்லச் சொன்னார். யசிந்தா அன்றைக்கு முழுக்க ஒவ்வொரு சொல்லுக்கும் சேர் போட்டாள். "சேர், தேத்தண்ணி சேர். ஆறுது சேர்." அவர் சிரிக்கவில்லை.

வந்தவர்கள் போனபிறகும் சப்பாத்தைக் கழற்றவில்லை.

3.10.1980, வெள்ளி

கேட்டே விட்டேன். "அண்ணை, சமாசத்துப் புரோகிராமை எப்ப வாசிக்கிறது?" "வேலை முடியட்டும் பிள்ளை." வேலை முடிந்தபிறகு வாசிக்க அது என்ன, ஆள் செத்தபிறகு படிக்கிற அந்தியேட்டிக் கல்வெட்டா? இதை நான் சொல்லவில்லை. நினைத்ததோடு சரி.

10.10.1980, வெள்ளி

ஒருவாறு வாசிப்பு நடந்தது. நடந்திருக்காவிட்டால் நல்லது.

தில்லை அண்ணை வாங்கில் இருக்கவில்லை. மோட்டார் சைக்கிள் சாவியோடு வாசலில் நின்றார். யசிந்தா வாசிக்கப் பஞ்சண்ணை பயன் சொன்னார். பாதி போன இடத்தில் ஒரு வரி வந்தது: பேர், முதலெழுத்து, ஊர் மூன்றும் ஒத்தால் இரண்டாவதை விடு. பஞ்சண்ணை கண்ணை மூடிக்கொண்டு, "இஞ்சைதான் களவுக்குக் கதவு சாத்துப்படுகுது. ஒருத்தன் ரெண்டு தரம் வந்து நிண்டாலும் மெஷின் ஒருத்தனாத்தான் பார்க்கும்" என்றார். என்ன குரல் அந்த மனிசனுக்கு. எல்லாரும் தலையாட்டினார்கள்.

"அவை உண்மையா ரெண்டு பேராயிருந்தால்?" என்றேன். "எங்கடை ஊரிலையே ரெண்டு க. தம்பிராசா இருக்கினம். கலட்டித் தம்பிராசா, கந்தப்புவின்ரை மகன். புளியடித் தம்பிராசா, கதிரவேலுவின்ரை மகன். ரெண்டு பேருக்கும் தோட்டம் இருக்கு."

வாசலில் நின்ற தில்லை அண்ணை, "ஒரு ஊர், ஒரு பேர், ஒரு முதலெழுத்தெண்டால் அது ஒரு ஆள்தான் பிள்ளை. லண்டனிலை உப்பிடி எத்தினை செய்தனான்" என்றார்.

கதைத்துவிட்டார். எழுதினவர் கதைத்துவிட்டார். யசிந்தா பஞ்சண்ணையைப் பார்த்தாள். பஞ்சண்ணை நிலத்தைப் பார்த்தார். ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள் என்று கண்டு நான் சொன்னேன்: "அண்ணை, நீங்கள் கதைச்சிட்டியள். முதல் வரியிலையிருந்து வாசிக்கவேணும்."

"நேரமில்லை" என்றார். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

13.10.1980, திங்கள்

"நீர் இனி நெசவு நிலையத்துக் கூலியைப் பாரும். சமாசத்து வேலையை நானும் பஞ்சலிங்கமும் பாப்பம்."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விடுபடுகிற பேர்களையாவது ஒரு தாளில் அடித்துப் பார்ப்போம், கண்ணால் கண்டால் தெரியும் என்று கேட்டேன். "உமக்கு ஊர்ப் பாசம்" என்றார்.

ஊர்ப் பாசமோ? நான் என்ன என்ரை ஐயாவுக்கே கிழங்கு கேட்டனான்? ஐயா இந்த முறை வெங்காயம் வைக்கிறார், கிழங்கு இல்லை. இரண்டு மனிசரை ஒரு மனிசராக்கக் கூடாது எண்டு சொன்னதுக்கு இந்தக் கதை. வரும் வழியெல்லாம் பஸ்ஸிலை அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு வந்தன்.

அம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தா. "என்னத்தையேன் கதைச்சிட்டியோ? தவளையும் தன் வாயாலை கெடும்" என்றா.

15.10.1980, புதன்

மத்தியானம் சாப்பிட்டு முடிந்து பஞ்சண்ணை தனியே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கிட்டப் போய், "உங்களுக்குத் தெரியாதோ பஞ்சண்ணை, அந்த வரி பிழையெண்டு?" என்றேன்.

கனநேரம் மென்றார். "பிள்ளை, பயன் சொல்லுறவன் பாட்டிலை பிழை பிடிக்கிறேல்லை. பாடினவர் என்ன நினைச்சாரோ அதைத்தான் சொல்லுறது. அவர் களவை நிப்பாட்ட நினைச்சார். நான் அதைச் சொன்னன்."

"மெஷின் அவர் நினைச்சதைச் செய்யாது. எழுதினதைத்தான் செய்யும்."

"உண்மைதான்" என்றார். பிறகு, "அவரின்ரை முகத்துக்கு நேரை என்னெண்டு சொல்லுறது?" என்றார். அவரோடு கோபிக்கவும் முடியவில்லை. எங்கள் எல்லாருக்கும் உள்ள வியாதி அது.

26.10.1980, ஞாயிறு

பக்கத்துக் காணியில் கலட்டித் தம்பிராசண்ணை தோட்டத்தைக் கொத்தி எருவும் பசளையும் தாட்டுப் பாத்தி கட்டி வைத்திருக்கிறார். வேலிக்கு மேலால் கூப்பிட்டார். "பிள்ளை, உங்கடை மெஷின் எங்களுக்கும் கிழங்கு தருமோ?"

"துண்டு வராட்டில் உடனை கந்தோருக்கு வாங்கோ" என்றேன்.

5.11.1980, புதன்

துண்டுகள் போய்விட்டன. தில்லை அண்ணைக்கு நல்ல சந்தோசம். களவு எடுக்க நினைத்த ஆட்களின் கிழங்கு மிச்சம் என்று சமாசம் அச்சுவேலிப் பக்கத்துச் சங்கம் ஒன்றுக்கு அதைக் கொடுத்துவிட்டதாம்.

10.11.1980, திங்கள்

வந்தார்கள். முதலில் கலட்டித் தம்பிராசண்ணைதான், சைக்கிளில். பிறகு வேறு ஊர்களிலிருந்தும் ஒவ்வொருவராக. முன்னறை போதாமல் முற்றத்திலும் நின்றார்கள். நெசவுப் பெண்கள் நின்ற கதையை நான் எழுதினது நினைவு வந்தது.

தில்லை அண்ணை வெளியே வந்து, பேர் ஏற்கெனவே பதிந்திருக்கிறது, துண்டும் போயிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார்.

"ஓம், போயிருக்கு. புளியடியானுக்குப் போயிருக்கு" என்றார் தம்பிராசண்ணை. "நான் கலட்டியான். உங்களுக்குக் காணிப் பேர் தேவையில்லையோ? ஊரிலை ஆரும் வெறும் தம்பிராசாவைத் தேடி வாறேல்லை ஐயா. எந்தக் காணித் தம்பிராசா எண்டுதான் கேப்பினம்."

தில்லை அண்ணை என் பக்கம் திரும்பினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெருமை ஒன்றும் இல்லை எனக்கு. அந்த மனிசன் கட்டி வைத்த பாத்தி என் கண்ணுக்குள் நின்றது.

11.11.1980, செவ்வாய்

சமாசத்து மனேச்சர் வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. அடுத்த போகம் கையாலேயே எழுதிக்கொள்ளுகிறார்களாம். மிச்சக் கிழங்கைத் திருப்பி எடுக்க முடியாது, அச்சுவேலியில் அது மண்ணுக்குள் போய்விட்டது.

14.11.1980, வெள்ளி

காலையில் போனபோது வாசலில் தில்லை அண்ணையின் சப்பாத்து கிடந்தது. உள்ளே அவர் வாங்கில் இருந்தார். "சமாசத்துப் புரோகிராம். முதல் வரியிலையிருந்து" என்றார். இனி அதை வாசித்து என்ன பயன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

யசிந்தா பகிடி ஒன்றும் விடாமல் வாசித்தாள். அந்த வரி வந்தது. பஞ்சண்ணை இந்த முறை கண்ணை மூடவில்லை. தொண்டையைச் செருமினார். பிறகு அந்தக் குரல் இல்லாத ஒரு குரலில், "இதிலை... ரெண்டு பேரை ஒரு ஆளாக்கிக் கிடக்கு" என்றார்.

தில்லை அண்ணை வாய் திறக்கவில்லை. வரிக்கு வரி கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்தது. "ஓம், பிழைதான்" என்றார். "மகாதேவி சொன்ன அண்டைக்கே பிழைதான்."

எனக்கு அழுகை வந்தது. யசிந்தா பார்த்துவிட்டாள். "உனக்கும் வேர்க்குதோ?" என்று விசிறியை எடுத்துத் தந்தாள்.

16.11.1980, ஞாயிறு

தில்லை அண்ணை துண்டு கிடைக்காத ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரே போகவேண்டும் என்று பிடிவாதமாய் நின்றார். வாடகைக் காரில் அவர், நான், யசிந்தா. காணிப் பேரைச் சொல்லி வழி கேட்பது என் வேலை. ஒவ்வொரு வேலிப் படலையிலும் அவர், "என்ரை பிழை. மெஷினின்ரை பிழை இல்லை" என்றார். ஒரு மனிசி எங்களை வளவுக்குள் விடவேயில்லை. நியாயம்தான். ஒரு போகத்தை மன்னிப்பு நிரப்பாது.

கடைசியாக எங்கள் ஊர். கலட்டித் தம்பிராசண்ணை பாத்திக்குள் நின்று கிழங்கு ஊன்றிக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு நம்ப முடியவில்லை. எங்கையிருந்து வந்தது கிழங்கு?

"புளியடியானிட்டைப் போனன்" என்றார். "கொம்பியூட்டர் எங்களை ஒரு ஆளெண்டு சொல்லிப்போட்டுது. அப்ப உன்னட்டை இருக்கிறதிலை பாதி என்ரை எண்டு கேட்டன். அவன் சிரிச்சுப்போட்டுத் தந்தான்."

தில்லை அண்ணையும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. படலைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

5.12.1980, வெள்ளி

கூலிக் கணக்கு மட்டும்தான் இப்போது வேலை. கொழும்புக்காரரின் சத்தமே இல்லை. மழை. கந்தோர் வெறிச்சென்று கிடக்கிறது. இருந்தாலும் வாசிப்பு நடந்தது.

வவுனியாவில் இன்னும் இடம் இருக்குமோ என்று ஐயா கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, கவலையில்தான் கேட்டார். பார்ப்பம் என்றேன். மனதுக்குள் பயம்தான்.

19.1.1981, திங்கள்

சமாசத்திலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள். கையால் எழுதிக் களைத்துவிட்டார்களாம். வெங்காயப் பசளைப் பங்கீட்டை ஒரேயொரு தரம் பரீட்சித்துப் பார்க்கட்டாம். ஆனால் ஒரு நிபந்தனை: காணிப் பேர் சேரவேண்டும்.

"நீர் எழுதும்" என்றார் தில்லை அண்ணை. "உமக்குத்தான் ஊர் தெரியும்."

ஓம், எனக்குத் தெரியும்தான். இன்றைக்கே தொடங்கிவிட்டேன்.

13.2.1981, வெள்ளி

என் புரோகிராமின் வாசிப்பு. வாங்கில் நான். தில்லை அண்ணை எனக்குப் பக்கத்தில், வெறுங்காலோடு. நல்லாய் எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். இரவு நித்திரையும் நல்லாய்க் கொண்டேன்.

யசிந்தா வாசித்தாள்: ஊரும் காணிப் பேரும் ஒத்தால் ஒரு ஆள், இரண்டாவதை விடு. களவு எடுக்கிறவர் தன் பேரை மாற்றலாம், காணியை மாற்ற ஏலாது என்றுதான் ஆளின் பேரை நான் சேர்க்கவில்லை.

பஞ்சண்ணை கையை நீட்டினார். தாளை வாங்கித் தானே ஒருதரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு உது விளங்கேல்லை" என்றார்.

இந்தக் கந்தோரில் அந்தச் சொல்லை முதல்முதலாகக் கேட்கிறேன். அதுவும் அந்த மனிசனின் வாயால். என் புரோகிராமுக்கு.

"எங்கடை மனிசியின்ரை தகப்பன் ஒரு காணியை மூண்டு பொம்பிளைப் பிள்ளையளுக்கும் பிரிச்சுச் சீதனமாக் குடுத்தவர்" என்றார். "மூண்டு குடும்பம் தோட்டம் செய்யுது. காணிப் பேர் ஒண்டுதான். இதின்ரை படி அதிலை ஆர் அந்த ஒரு ஆள்?"

உச்சந்தலை சுட்டது. சீதனக் காணி! எங்கள் அம்மாவின் காணியே அப்படித்தான் கிடக்கிறது, நாங்கள் பாதி, பெரியம்மா பாதி. அது வேறு, அதுக்கு நான் வேறு வழி யோசிச்சிருந்தனான், அது பின்னாலை வரும் — எத்தனை கதை நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரு வழியும் நான் யோசித்திருக்கவில்லை. பின்னால் ஒன்றும் வராது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தில்லை அண்ணை என் பக்கம் திரும்பவேயில்லை. அவருக்குத் தெரியும் அந்த வாங்கு எப்படிச் சுடும் என்று.

யசிந்தா அவசரப்படாமல் கடைசி வரி வரை வாசித்து முடித்துத் தாளை மடித்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம், பிழைதான்" என்றேன்.

தில்லை அண்ணை எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போனார்.